அந்தப் படப்பெட்டிகளைப் போட்டுவிடாதே

ஜூலை 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நான் இத்தாலிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் கைக்கு வந்தது. முட்டிவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். பேத்தி சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டதை இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், அதை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, பரணைக் காலி செய்கிறேன், அப்பாவின் பழைய பிலிம் ரீல் இருக்கும் படப்பெட்டி மூன்று கிடக்கிறது, பழைய சாமான்காரனிடம் போட்டுவிடப் போகிறேன் என்று. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வரும்வரை போட்டுவிடாதே.

மகள் மிலானில் இருக்கிறாள் அல்லவா, அங்கிருந்து போலோஞா ரயிலில் ஒரு மணி நேரம். 1986-லிருந்து அந்த ஊரில் பழைய படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. 'இல் சினிமா ரித்ரொவாத்தோ' என்று பெயர், மீண்டும் கிடைத்த சினிமா என்று பொருள். ஜூன் கடைசியில் ஒன்பது நாள். காலை ஒன்பது மணிக்கே தியேட்டரில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். சரியாக நூறு வருஷத்துக்கு முன் வந்த படங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இரவில் மஜ்ஜோரே சதுக்கத்தில், பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் திரை கட்டி, ஊருக்கே இலவசமாகக் காட்டுகிறார்கள்.

ஜூன் 27-ம் தேதி இரவு அந்தத் திரையில் என்ன படம் தெரியுமா? ஷோலே. நீயும் நானும் பாஷை புரியாமலே வசனத்தை மனப்பாடம் செய்தோமே, அதே படம். அதன் 70 எம்எம் பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை, மூல நெகட்டிவும் பாழாகிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் கிடந்த ரீல்களையும் மும்பையில் இருந்ததையும் சேர்த்து, பழைய படங்களைக் காக்கும் மும்பை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன்காரர்கள் மூன்று வருஷம் உழைத்து மீட்டிருக்கிறார்கள். முடிவு வேறுடா! நாம் பார்த்ததில் கடைசியில் போலீஸ் வந்து தடுத்துவிடும். 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை மாற்றச் சொன்ன முடிவு அது. எடுத்தபடி பார்த்தால், இரு கையும் இழந்த தாகூர் காலாலேயே வில்லன் கப்பரைக் கொன்றுவிடுகிறார். கொன்ற பிறகு அவர் முகத்தில் வெற்றி இல்லை. உடைந்து போகிறார். ஐம்பது வருஷமாக நாம் வேறொரு கதையைப் படம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அதைவிட என்னை ஆட்டிவிட்டது ஒரு சின்ன முற்றத்தில் நடந்த காட்சி. அங்கே கார்பன் புரொஜக்டர் வைத்துப் படம் ஓட்டுகிறார்கள். நான் திரையைப் பார்க்கவே இல்லை. மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டு கார்பன் குச்சியும் ஒரு கணம் தொட்டு விலக, குப்பென்று பற்றிக்கொண்டது வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறைய, ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருந்தார். பேச்சே இல்லை. படம் ஓட்டும்போது உன் அப்பா இப்படித்தான் நிற்பார். வெற்றுடம்பும் தோளில் துண்டுமாக, ஒரு கை எப்போதும் அந்தத் திருகின் மேல். நாம் வாசற்படியில் உட்கார்ந்து, தரையில் விழுந்த குச்சித் துண்டுகளைப் பொறுக்குவோம். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அப்போதுதான் உன் பரண் ஞாபகம் வந்தது. சத்யஜித் ரேயின் அபு வரிசைப் படங்கள் மூன்றுக்கும் என்ன நடந்தது என்று கேள். 1993-ல் லண்டனில் ஒரு லேபில் தீப்பிடித்து நெகட்டிவ்கள் கருகிவிட்டன. எந்த மெஷினிலும் ஓட்ட முடியாத அந்தச் சுருள்களை யாரோ தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து இதே போலோஞாவில் உள்ள, படங்களை மீட்கும் லேப்காரர்கள் காய்ந்து இறுகியதற்கு ஈரப்பதம் ஏற்றி, பிய்ந்த ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டி, ஆயிரம் மணி நேரம் போல உட்கார்ந்து வேலை செய்தார்கள். பதேர் பாஞ்சாலியில் நாற்பது சதவீதமும் அபராஜிதோவில் அறுபது சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. நம் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த, நடனக் கலைஞர் உதய சங்கரின் கல்பனாவும் (1948, பத்மினியின் முதல் படம்) இங்கேதான் பிழைத்தது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அது பத்திரமாக இருந்ததால்தான் முடிந்தது.

நம் முதல் பேசும்படம் காளிதாஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1931-ல் டி.பி. ராஜலட்சுமி நடித்தது, இன்று பார்க்க ஒரு பிரதி கிடையாது. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக ரீலை உருக்கிய காலம் அது. உருக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஓடி முடிந்த படம் அவர்களுக்கு வெறும் சரக்கு.

மீட்பது என்றால் பளபளப்பாக்குவது இல்லை, அதையும் அங்கே பார்த்தேன். நம் ஊரில் சில பழைய படங்களைப் புதுப்பிக்கிறேன் என்று மேலும் கீழும் வெட்டி அகலத் திரையாக்கி, பின்னணி இசையையும் மாற்றிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. திரையில் மழை போலப் பெய்யும் கீறல்களைத் துடைக்கட்டும், பிலிமுக்கே உரிய நுண்துகளையும் சேர்த்துத் துடைத்தால் முகமெல்லாம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

சரி, இப்போது பெட்டி விஷயம். மூடியைத் திறந்து முகர்ந்து பார். வினிகர் வாசனை வந்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அது மற்ற ரீல்களுக்கும் தொற்றும், அந்தப் பெட்டியை மட்டும் தனியே வை. ரீலைப் பிரித்துப் பார்க்காதே, இழுத்தால் ஒடியும். 1950-களுக்கு முந்தின ரீலாக இருந்தால் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், சட்டென்று தீப்பிடிக்கும், அதன் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். பரண் வெயிலில் வேகும் இடம், உடனே கீழே இறக்கி, ஈரமில்லாத, குளுமையான அறையில் படுக்கை வசமாக அடுக்கு. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் இருக்கும். கிழிக்காமல் அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. புனே காப்பகத்துக்கும் மும்பை பவுண்டேஷனுக்கும் எழுதிக் கேட்கும் வேலை என்னுடையது.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிடுவேன். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியும் அந்தப் பெட்டிகளோடு இருக்கிறதா பார்.

என்றும் உன்
நண்பன்