கொடைக்கானல் மேல்மலை ஸ்கூலுக்கு குட்டி கம்ப்யூட்டர் வாங்கப் போற அண்ணன் அக்காமாருக்கு

எல்லாருக்கும் வணக்கம். சென்னை, பெங்களூர்னு வேலைல இருந்தாலும் நம்ம ஊர் பிள்ளைங்களுக்காக காசு சேக்குறீங்க, ரொம்ப சந்தோஷம். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இத மட்டும் படிச்சிருங்க. ஒரு லேப்டாப் காசுக்கு ரெண்டு குட்டி கம்ப்யூட்டர் (நெட்புக்னு சொல்வாங்களே, அது) வாங்கிரலாம்னு பேச்சு ஓடுது, கணக்கு சரிதான், ஆனா அது சின்ன சைஸ் லேப்டாப் இல்லண்ணே, அது வேற ரகம்.

2007ல ஆசுஸ் கம்பெனியோட ஈ பிசிங்கற குட்டி கம்ப்யூட்டர் வந்தப்பவே அப்படித்தான். 7 இன்ச் ஸ்க்ரீன், ஒரு கிலோவுக்கும் கம்மியான வெயிட், உள்ள 4 ஜிபி இடம், சிடி போட வழியே கிடையாது. ஸ்க்ரீன் உயரம் வெறும் 480 பிக்சல்ங்கறதால சில விண்டோல கீழ இருக்குற ஓகே பட்டன் கண்ணுக்கே தெரியாது. மெயில் பாக்க, நாலு வரி டைப் அடிக்க, மிச்சத்த நெட் பாத்துக்கும்னு செஞ்ச மெஷின் அது. இப்ப வர்ற, கூகுள் சிஸ்டத்துல ஓடுற குரோம்புக்கும் அதே நெனப்புல வந்ததுதான்.

நெட் பாத்துக்கும்ங்கறது பெங்களூர்ல சரி. மன்னவனூர், கவுஞ்சி பக்கம் சிக்னல் எப்படி இருக்கும்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? மழைல மரம் சாஞ்சு கரண்ட் போச்சுன்னா கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துரும்.

அதே கரண்டுக்காகத்தான் எனக்கு குட்டி மெஷின் மேல ஆசையும் இருக்கு. குட்டி மெஷின்ல வர்ற செலரான் என்4500 மாதிரி சிப் 6 வாட்டுக்கு செஞ்சது, சாதாரண ஐ3 லேப்டாப் சிப் 15 வாட், அதனால சின்ன பேட்டரியே நல்லா தாங்கும், நிறைய மாடல்ல ஃபேனும் கிடையாது, பிள்ளைங்க பைல தூக்கிட்டு நடக்கவும் சுலபம்.

ஆனா ரிப்பேருன்னு வந்தா கஷ்டம். ராமும் ஸ்டோரேஜும் பெரும்பாலும் போர்டுலயே ஒட்டி சால்டர் பண்ணிருப்பாங்க, கொடைக்கானலுக்குப் போனாலும், வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போனாலும் மாத்த முடியாது. பக்கத்து வீட்டு அக்காவோட அரசு இலவச லேப்டாப் பழசாகியும் இன்னும் ஓடுது, ஏன்னா பின்பக்கம் ஸ்க்ரூவ கழட்டி எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கிற வேகமான டிஸ்க்) போட முடிஞ்சது. 64 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11னு போட்டு விக்கிறத தயவுசெஞ்சு வாங்காதீங்க, விண்டோஸ் 11க்கு குறைஞ்சபட்ச அளவே 64 ஜிபிதான், ரெண்டு அப்டேட் வந்தா பிள்ளைங்க ஃபைலுக்கு எங்க இடம் இருக்கும்?

நான் கேக்குறது, 8 ஜிபி ராமோட, எஸ்எஸ்டி மாத்துற மாதிரி குட்டி மெஷினா பாருங்க, எண்ணிக்கை கொறஞ்சாலும் பரவால்ல. விண்டோஸுக்கு பதிலா லுபுண்டுங்கற இலவச லினக்ஸ் போட்டு, நெட் இல்லாம படிக்க வைக்கிற கிவிக்ஸ் ஆப்ல தமிழ் விக்கிப்பீடியாவ எறக்கி, தமிழ்ல டைப் அடிக்க தமிழ்99 கீபோர்டும் செட் பண்ணி அனுப்புங்க. பிளஸ் டூ பைத்தான் பாடம் நெட் இல்லாமலே அதுல ஓடும். வீடியோ எடிட்டிங்குக்கு மட்டும் தனியா ஒரு நல்ல லேப்டாப் போதும்.

மொத்தமா காசு கட்டிராதீங்க, முதல்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ஒரு வாரம் பிள்ளைங்க கைல குடுத்துப் பாத்துட்டு சொல்றோம்.