மலை வாழைக்கு நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகள் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மலை வாழை விவசாயிகள்,
தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர் சுற்றுவட்டாரம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: முடிக்கொத்து நோயால் அழிந்துவரும் விருப்பாட்சி வாழையை மீட்க, வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகள் வழங்கவும், நோயுற்ற மரங்களை ஒரே சமயத்தில் அகற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே மானாவாரியாக மலை வாழை பயிரிட்டுப் பிழைப்பவர்கள் நாங்கள். விருப்பாட்சி, சிறுமலை ஆகிய மலை வாழைகள் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழமும் எங்கள் விருப்பாட்சிதான். நீர்ச்சத்து குறைந்த பழம் என்பதால், தண்ணீர் சேர்க்காமல் பிசைந்த பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது. 1970-களில் இம்மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த இந்த வாழை, பின்னாளில் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதற்கு முதற்காரணம் முடிக்கொத்து நோய்.

நோய் கண்ட வாழையில் இலைகள் குறுகி, விரியாமல், உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். இளம் பருவத்திலேயே தாக்கினால் தார் தள்ளாது. வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. பக்கத்து மரத்துக்கு இதைக் கொண்டுபோவது அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோவது பக்கக்கன்று. பார்வைக்குச் செழிப்பாக இருக்கும் கன்றின் கிழங்குக்குள்ளும் வைரஸ் இருக்கலாம் என்பதால், கண்ணால் பார்த்துப் பொறுக்கி நடுவதில் பயனில்லை.

ஆகவேதான் தாய்மரத்தின் குருத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் திசு வளர்ப்புக் கன்று கேட்கிறோம். ஆனால் திசு வாழை என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. சோதிக்காத தாய்மரத்திலிருந்து குருத்து எடுத்தால், ஆய்வுக்கூடம் வாழையோடு நோயையும் சேர்த்தே பெருக்கித் தந்துவிடும். எங்களில் சிலர் தனியார் நாற்றங்கால் ஒன்றில், பரிசோதனைச் சீட்டு எதுவும் இல்லாமல் வாங்கி நட்ட கன்றுகளில் முதல் மழைக்காலம் முடியுமுன்பே கோடுகள் தெரிந்தன. நட்ட கூலியும் போயிற்று, பருவமும் போயிற்று. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேசியச் சான்றளிப்பு முறை 2006 முதல் நடப்பில் உள்ளது. வைரஸ் பரிசோதனைக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் அருகில்தான் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை வழியாக வழங்கும் ஒவ்வொரு தொகுதிக் கன்றுக்கும் பரிசோதனை முடிவின் நகலை விவசாயி கையில் தர உத்தரவிட வேண்டும். ஜி-9 என்னும் கிராண்ட் நைன் ரக வாழைக்கன்று வேண்டிய மட்டும் கிடைக்கிறது, விருப்பாட்சி கிடைப்பதில்லை. எனவே அரசே முன்கூட்டி ஆர்டர் கொடுத்தால்தான் ஆய்வுக்கூடங்கள் இதை எடுத்துச் செய்யும்.

இதைவிட முக்கியமான வேண்டுகோள் ஒன்று உண்டு. திசு வளர்ப்புக் கன்று நோயற்றதே தவிர, நோய் தாங்கும் கன்று அல்ல. மேட்டுத் தோட்டத்தில் நோயுற்ற பழைய தூர்கள் நின்றால், அசுவினி இறங்கி வந்து புதுக்கன்றையும் கெடுத்துவிடும். ஒருவர் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை. கவனிப்பாரற்றுக் கிடக்கும் எஸ்டேட்டுகள், ஓடைக்கரைகள் உட்பட ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். முதலில் அசுவினிக்கு மருந்தடித்து, பிறகு தூரைக் கிழங்கோடு தோண்டி அழிக்கத் துறைப் பணியாளர்களும் கூலிக்கான உதவியும் தேவை. வனத்தை ஒட்டிய பட்டா நிலங்களில் இதற்கு வனத்துறையின் ஒத்துழைப்பும் வேண்டும்.

ஆய்வுக்கூடக் கன்றுகளைச் சமவெளியில் பதப்படுத்தி, அதாவது வெளிச்சூழலுக்குப் பழக்கி, மேலே ஏற்றும்போது, மலைக் குளிரிலும் கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குலுக்கலிலும் நிறையச் சாகின்றன. தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலேயே, அசுவினி நுழையாத வலைக்கூடத்தில் இரண்டாம் கட்டப் பதப்படுத்தலுக்கு ஏற்பாடு செய்தால் இந்தச் சேதம் குறையும்.

எங்கள் மலையில் நடவு ஏப்ரல், மே மாதங்களில். ஆய்வுக்கூடத்தில் பெருக்கிப் பதப்படுத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால், தோட்டக்கலைத் துறை, வனத்துறை, தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், விவசாயிகள் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைத் தாண்டிக்குடியில் விரைவில் கூட்டி, முதலில் எந்தச் சரிவில் தொடங்குவது என்று முடிவு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மலை வாழை விவசாயிகள்
இடம்: தாண்டிக்குடி