பாதாமி போய் வந்தேன்

அன்புள்ள மூர்த்தி,

நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம்தான். ஆனால் அதே காலோடு கர்நாடகத்துப் பாதாமி குகைக்கோயில்களுக்குப் படியேறிவிட்டு வந்திருக்கிறேன், நீ நம்பமாட்டாய்.

குரங்குகள் பிடுங்கியது போக மிஞ்சிய ஒரே வாழைப்பழத்தோடு மூன்றாம் குகையில் போய் உட்கார்ந்தேன். 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள குகை. கூட வந்தவர்கள் எல்லாம் சிற்பத்தைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது மணற்கல். கிடையாகப் போகும் படுகைகளுக்கு நடுவே சாய்ந்த கோடுகள். ஆறு தள்ளிக்கொண்டு போன மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்த தடம் அது. நிலத்தில் புல் பூண்டே முளைக்காத காலத்து ஆறு! கரையைப் பிடித்து வைக்க ஒரு வேர்கூட இல்லாமல், பல கிளையாகப் பிரிந்து இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம்தான். மற்ற கனிமங்கள் வழியிலேயே அரைபட்டுக் கரைந்து போயிருக்கும்.

அப்படியே பக்கத்திலுள்ள பட்டடக்கல் போனேன். அங்கே விருபாட்சர் கோயில் முன் நின்றதும் காஞ்சி கைலாசநாதர் நினைவுதான் வந்தது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றும் அந்தக் கோயிலைக் கொள்ளையடிக்காமல், சொத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் கல்வெட்டு வெட்டி வைத்தான் அல்லவா? அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமாதேவி கட்டியது இது. இரண்டுமே மணற்கல், ஏறக்குறைய ஒரே நூற்றாண்டு. ஆனால் பட்டடக்கல்லில் உளி பட்ட விளிம்பு இன்னும் தெரிகிறது. காஞ்சியில் அடித்தளம் கருங்கல் என்பதால் தப்பித்தது; மேலே யாளிகளின் முகம் பல இடங்களில் கரைந்து, சுதையால் ஒட்டுப்போட்டு நிற்கிறது.

மணலைக் குறை சொல்லி என்ன? மணிகளுக்கு நடுவே உள்ள பசையைத்தான் பார்க்க வேண்டும். சிலிகா பிடித்தால் கல் இறுகிவிடும். துருவாகிய இரும்பு பிடித்தால் நிறமும் சேர்ந்து வரும். சுண்ணாம்பு பிடித்தால் மழைநீரே மெல்லக் கரைக்கும். களிமண் என்றால் கேட்கவே வேண்டாம். காலேஜில் சுண்ணாம்புப் பசையைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆசிட் புட்டியைச் சாய்த்து, கல் பொங்குவதற்குள் என் பேண்ட்டில் ஓட்டை போட்டாயே!

உன் மகள் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைப் படம் அனுப்பினாள் என்று எழுதியிருந்தாய். அது வேறு ஜாதி மணற்கல், ஆர்க்கோஸ் என்பார்கள். கிரானைட் மலை உடைந்து, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து மண்ணாவதற்கு முன்பே அவசரமாகப் புதைந்துபோன மணல். அந்தச் சிவப்பு வெறும் மேல்தோல். உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம்.

அப்புறம், என் வீட்டுக் கதை. வாசல் சுவருக்குச் சிவப்பு மணற்கல் பலகை பதித்தேன் அல்லவா? இரண்டே மழைக்காலம், அப்பளம் போல ஏடு ஏடாகப் பெயர்கிறது. மணற்கல்லைப் பூமியில் படிந்த வாக்கிலேயே, படுக்கையாக வைத்துக் கட்ட வேண்டும். சுவரில் நிறுத்தி ஒட்டினால் படுகை வெளியே பார்த்து நிற்கும், ஈரமும் உப்பும் உள்ளே போய்த் தள்ளும். இவ்வளவும் தெரிந்த நான் விற்றவன் பேச்சைக் கேட்டு, சரி என்று தலையாட்டியிருக்கிறேன். வீட்டுக்காரி தினமும் பெருக்கும்போது ஒரு பார்வை பார்க்கிறாள்.

தை பிறந்ததும் காஞ்சிபுரம் போகலாமா? லென்ஸ் என்னிடம் இருக்கிறது. நீ ஆசிட் புட்டியை மட்டும் எடுத்து வராதே.

அன்புடன்,
ராமு