கையில் ஆறு புளியங்கொட்டை

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் விடியற்காலையில் என்னோடு ஓடிய, எனக்காகக் காத்து நின்ற எல்லாருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டரை 58 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தேன். முதல் ஐந்துக்கு 29:40, அடுத்த ஐந்துக்கு 29:00. பின்பாதி முன்பாதியைவிட வேகமாக வந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். போன வருஷம் இதே தூரத்தில் ஏழாவது கிலோமீட்டரில் மூச்சுமுட்டி நின்று, மீதியை நடந்தே வந்தவள் நான். ஓடி முடித்ததும் உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பி.டி. சார். பணி ஓய்வுக்குப் பிறகும் யார் கேட்டாலும் சொல்லித் தருகிறவர், ஒரு காசு வாங்காதவர். "வேகமா ஓடணும் சார்" என்று போய் நின்றேன். "அப்போ மொதல்ல மெதுவா ஓடும்மா. பக்கத்துல வாரவங்ககிட்ட ஒரு சங்கதிய முழுசா சொல்லி முடிக்கணும். முடியலன்னா வேகம் கூடிப்போச்சு" என்றார். அதற்காகவே பக்கத்து வீட்டு மதினி கூட வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை முழுவதையும் நான் கேட்டது அந்த ஓட்டங்களில்தான். நான் பதில் சொல்லத் திணறினால் மதினியே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஆனாலும் நான் அவசரப்பட்டேன். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க ஓடுகிறவர்கள். அவர்கள் பின்னாலேயே தினமும் விரட்டி ஓடி, காலின் முன்னெலும்பில் வலி வந்து இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தபோது சார் திட்டவில்லை. வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம், அதில் புதன் ஒன்றுதான் வேகத்துக்கு என்று மாற்றினார். முதல் மாதம் அந்த வேகமும் மெதுவோட்டத்தின் முடிவில் 100 மீட்டர், நாலே தடவை. தோளும் தாடையும் இறுகக் கூடாது.

அப்புறம் ஒரு புதன்கிழமை என் உள்ளங்கையில் நாலு புளியங்கொட்டையை வைத்தார். கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, 400 மீட்டர் ஒரு சுற்று, ஒரு கொட்டை கீழே. நடுவில் 200 மீட்டர் மெதுவோட்டம். ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 15 விநாடி. நான் முதல் சுற்றை 1:58-ல் முடித்துவிட்டுப் பெருமையாக அவரைப் பார்த்தேன். நாலாவது சுற்று 2:41. சார் ஸ்டாப்வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தம்பிகளில் ஒருவர் தன் பயிற்சி முடிந்த களைப்போடு, என் வேகத்துக்கு இறங்கி வந்து கூட ஓடினார். "அக்கா, இப்ப என்னத் தாண்டாதீங்க" என்பார் முதல் சுற்றில். நாலு சுற்றும் 2:15-ஐ ஒட்டியே வந்த அன்றைக்குக் கொட்டை ஆறாயிற்று. வேர்வையில் வழுவழுவென்று உருளும். கடைசி ஒன்று மட்டும் மிஞ்சும்போது கையை இறுக்கி மூடிக்கொள்வேன். அதையும் கண்டுபிடித்து, "கையத் தளத்து!" என்று மறுகோடியிலிருந்து சாரின் குரல் வரும்.

நிற்காமல் ஓட ஆசைப்படுகிறவள் நடுநடுவே ஏன் வேகத்தை விட வேண்டும் என்று கேட்டேன். செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக் கதையைச் சொன்னார். 400 மீட்டர் வேக ஓட்டங்களை நடுவில் மெதுவோட்டம் வைத்துத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். ஒரே மூச்சில் தாங்க முடியாத வேகத்தைத் துண்டு துண்டாக்கினால் உடம்பு அந்த வேகத்தில் அதிக நேரம் இருக்கும், பிறகு அது பழகிவிடும். எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆடிக் காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டத்தில் திருச்செந்தூர் சாலையில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் மோதும். கடிகாரத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்று சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருவேன். அந்தச் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, உப்புப் போட்ட மோரை எடுத்துவைத்துக் காத்திருப்பார். காசு கொடுத்தால், "ஓடி முடிச்சிட்டு வந்து சொல்லு தாயி, அது போதும்" என்பார். முடித்துவிட்டேன் அண்ணாச்சி.

புதன்கிழமைகளில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்பிய என் வீட்டுக்காரருக்கும் நன்றி. அவர் இல்லாவிட்டால் 5 மணிக்கு நான் வாசல் தாண்டியிருக்க முடியாது.

இந்த வாரம் முழுக்க மெதுவோட்டம்தான், சார் உத்தரவு. அடுத்த புதன் 5:15-க்கு வந்துவிடுகிறேன். எட்டுக் கொட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். மதினி புளி உடைத்தபோது எடுத்துவைத்தது என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் புதன்கிழமை அக்கா