வடக்கே போனால் புயல் செத்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்ந்த வடக்குப் பகுதிகளுக்கு ஹரிக்கேன் (அட்லாண்டிக் போன்ற கடல்களில் உருவாகும் கடும் புயல்) ஏன் அதிகம் வருவதில்லை என்று கேட்டால், "அங்கே குளிர், அதனால்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹரிக்கேனுக்குத் தீனியே வெதுவெதுப்பான கடல்நீர்தான். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது, சுமார் 50 மீட்டர் ஆழம் வரைக்கும் 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும், ஏனென்றால் புயலே கடலைக் கலக்கி அடியில் உள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடும். வடக்கே போகப் போக அந்தச் சூடு கிடைப்பதில்லை. அப்புறம், உயரத்தில் வீசும் பலமான மேற்கத்திக் காற்று புயலின் மேற்பகுதியை ஒருபக்கமாகத் தள்ளி அமைப்பையே குலைத்துவிடும்.

சரி, அதற்காக வடக்கு பத்திரம் என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை. 2022 செப்டம்பரில் ஃபியோனா என்ற புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறியபோது அது ஹரிக்கேனே இல்லை. குளிர்க் காற்றும் வெப்பக் காற்றும் சந்திக்கும் இடத்திலிருந்து சக்தி எடுக்கும் வேறு வகைப் புயலாக மாறியிருந்தது. அப்படியும் நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட்-ஓ-பாஸ்க் ஊரில் கரையோர வீடுகளைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. இப்படி மாறும் புயலின் காற்று இன்னும் அகலமாகப் பரவும், பெரும்பாலும் வேகமாகவும் நகரும், மக்கள் தயாராகக் கிடைக்கும் நேரம் குறைவு. வானிலைச் செய்தியில் 'ஹரிக்கேன் வலுவிழந்தது' என்று போடும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்