வால்வு ஸ்பிரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீன்பிடித் தடைக்காலம்தான் நம் மாவட்டத்தில் எஞ்சின் பிரிக்கும் காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த 61 நாளுக்குள் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, வால்வைத் தேய்த்துப் பொருத்தும் கிரைண்டிங் பார்த்து, வால்வுத் தண்டு (ஸ்டெம்) வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலை மாற்றி ஏற்றிவிட வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் வால்வுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து, ஸ்பிரிங்கின் மேல்தட்டில் ஒரு குழாய்த் துண்டையோ பாக்ஸ் ஸ்பேனரையோ வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து, மேல்தட்டை ஸ்டெம்மோடு பிடித்து நிறுத்தும் இரண்டு சிறு துண்டுகளான லாக்கைத் தெறிக்க வைக்கிறார்கள். லாக் கண்ணில் பட்டால் கண் போகும். ஸ்டெம்மில் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பும் மேல்தட்டின் கூம்புத் துளையும் அடிபட்டுவிட்டால், பிறகு லாக் முழுதாகப் பிடிக்காது. ஓட்டத்தில் அது நழுவினால் வால்வு சிலிண்டருக்குள் விழும்; பிஸ்டனும் ஹெட்டும் உடையும். கரையிலிருந்து பல மைல் தள்ளி அது நடந்தால் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து லாக்கை எடுக்கவென்றே இருக்கும் கருவி வால்வு லிஃப்டர். ஆனால் ‘எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்’ என்று கடையில் எடுத்துத் தரும் செட்டை அப்படியே வாங்கிவிடக் கூடாது. வள்ளங்களில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இந்தக் கருவியே தேவையில்லை. அதில் இந்த வகை வால்வு கிடையாது. மற்ற எஞ்சின்களுக்கு முதலில் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலையா, எஞ்சினிலேயே வைத்துச் செய்யும் வேலையா என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய ஹெட்டுக்கு சி வடிவ லிஃப்டரே சிறந்தது. கடைக்குப் போகும்முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்டின் ஓரத்திலிருந்து வால்வின் நடுப்பகுதிவரை எவ்வளவு தூரம். வால்வு முகத்திலிருந்து மேல்தட்டுவரை எவ்வளவு உயரம். மேல்தட்டின் வெளிவிட்டம் எவ்வளவு. முதல் அளவைத்தான் பலரும் மறக்கிறார்கள். பைக் ஹெட்டுக்கு வாங்கிய லிஃப்டரின் சட்டம் படகு டீசல் ஹெட்டின் ஓரத்திலேயே முட்டிக்கொள்ளும். வால்வின் நடுவுக்கு எட்டாது. சட்டம் கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மெலிந்த சட்டம் அழுத்தத்தில் விரியும், விரிந்தால் மேல்தட்டை அழுத்தும் கப் சாயும், சாய்ந்த கப் ஸ்டெம்மைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய டீசலுக்கு லீவரைவிடத் திருகு வகை நல்லது. வேலை மெதுவாக நடந்தாலும் அழுத்தம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். லீவர் வகைதான் வேண்டுமென்றால், அழுத்திய நிலையில் அது தானே பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

கேம் ஷாஃப்ட்டுக்கு நேர் கீழே பக்கெட் டாப்பெட் (ஸ்பிரிங்கின் மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) உள்ள கார் எஞ்சின்களில் ஸ்பிரிங் ஒரு குழிக்குள் இருக்கும். அங்கே கப்பின் வெளிவிட்டம் குழியைவிடச் சிறியதாகவும், லாக்கை எடுக்கப் பக்கவாட்டில் சன்னல் வெட்டியதாகவும் இருக்க வேண்டும். குழியின் சுவர் அலுமினியம். கப் உரசிக் கீறினால் பக்கெட் சிக்கும். உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் செருகிக்கொள்வது பாதுகாப்பு.

ஸ்பிரிங்கின் சுற்றுகளையே இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இழுக்கும் சிறிய கருவியும் விற்கிறது. ஹெட்டைக் கழற்றாமல் வேலை செய்ய அது உதவும் என்பது உண்மைதான். ஆனாலும் கடற்கரை எஞ்சினுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள சிறு குழியிலோ கீறலிலோ இருந்துதான் தொடங்கும். உப்புக்காற்று அரித்த குழிகளே போதாதென்று கொக்கியின் கீறலும் சேரக் கூடாது. கழற்றிய ஸ்பிரிங்கில் துருக்குழி தெரிந்தால், நீளம் சரியாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

எஞ்சினில் வைத்தே ஸ்டெம் சீல் மட்டும் மாற்றுவதென்றால், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரின் ஷாஃப்ட்டையோ போல்ட்டையோ பிடிமானமாகக் கொண்டு அழுத்தும் லீவர் போதும். அந்த சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிற்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கலாம். பிஸ்டன் சற்று விலகி நின்றாலும் காற்று கிராங்கைச் சுழற்றிவிடும். கியரில் போட்டு, கையை விலக்கிக்கொண்ட பிறகே காற்றைத் திறக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் வேலை முறை ஒன்றுதான். லாக் இறுகியிருந்தால் லிஃப்டரின் பலத்தை மேலும் மேலும் ஏற்றாதீர்கள். சிறிதளவு அழுத்தம் கொடுத்து, மேல்தட்டில் பாக்ஸ் ஸ்பேனரை வைத்து லேசாகத் தட்டினால் விட்டுவிடும். இது பிடியைத் தளர்த்தும் தட்டல் மட்டுமே. லாக் விடுபடும் அளவுக்கு அழுத்தினால் போதும், காந்தக் குச்சியால் எடுத்துவிடலாம். வால்வை உருவும்முன் ஸ்டெம் நுனியில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டெம் ஓடும் குழாயான கைடு கீறிப்போகும். ஒவ்வொரு வால்வையும் அதன் ஸ்பிரிங், லாக்கோடு வரிசை மாறாமல் வைக்க வேண்டும். துளையிட்ட அட்டை ஒன்று போதும்.

மாட்டும்போது, சுற்றுகள் நெருங்கியிருக்கும் முனை ஹெட்டின் பக்கம் வர வேண்டும். லாக்கில் துளி கிரீஸ் தடவினால் பள்ளத்திலேயே ஒட்டி நிற்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் மேல்தட்டு புதிய ஸ்டெம் சீலை நசுக்கிவிடும். பிறகு நீலப் புகை வருகிறதே என்று ரிங்கைக் குறை சொல்வோம். லிஃப்டரை எடுத்ததும் ஸ்டெம் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒன்றிரண்டு தட்டு தட்டி, இரண்டு லாக்கும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வால்வு முகத்தின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விட்டால், போர்ட் (காற்றும் புகையும் போகும் வழி) வழியாகக் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய டீசலுக்கு ஏற்ற நல்ல லிஃப்டரை ஒரே ஒரு படகுக்காக வாங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் துறைமுகத்துக்கு ஒரு செட் வாங்கி வைத்து, தடைக்காலத்தில் முறைவைத்துக் கொடுக்கலாம். அதைக் கையாளும் முறையை, கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தார் தடை தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு நாள் துறைமுகத்துக்கு வந்து படகு டிரைவர்களுக்குச் செய்து காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் மெக்கானிக்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்