நடந்த பிள்ளை தூக்கச் சொன்னால்

அன்பு மகளுக்கு,

உசிலம்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்துவிட்டாய். காய்ச்சல், சளி என்று வரும் அத்தனை பிள்ளைகளோடு ரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளையும் அதே வரிசையில்தான் வந்து நிற்கும். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் அது அதிகம்.

முதலில் காலைப் பார். ஓடியாடித் திரிந்த பிள்ளை இரண்டு வாரமாகத் ‘தூக்கு, தூக்கு’ என்கிறது, நொண்டுகிறது, ராத்திரி அழுது எழுந்திருக்கிறது என்பார்கள். அதற்குள் சுளுக்கு வழித்து எண்ணெயும் தேய்த்திருப்பார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜையில் நோய்ச்செல்கள் நெருக்கியடித்துப் பெருகுவதால் வரும் வலி அது. எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். வளர்ச்சி வலி என்றால் விடிந்ததும் பிள்ளை ஓடும்; இது பகலிலும் நொண்டும். மூட்டும் வீங்கியிருந்தால் மூட்டுவாதம் என்று தோன்றி, ஸ்டீராய்டு மருந்து எழுதக் கை போகும். எழுதாதே தாயி. நாலு நாளில் பிள்ளை நடக்கும், வீட்டார் கும்பிடுவார்கள். ஆனால் நோய் பாதி அடங்கி ஒளிந்துகொள்ளும். மஜ்ஜைப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம், பின்னால் சிகிச்சையும் சிக்கலாகும்.

ரத்தப் பரிசோதனை மெஷின் தரும் எண்களோடு நிற்காதே. வெள்ளையணு கூடாமல், குறைந்தோ சரியாகவோகூட இருக்கலாம். பிளாஸ்ட் என்னும் முதிராத நோய்ச்செல்லை மெஷின் லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளையணுவாக எண்ணிவிடவும் கூடும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கச் சொல். ரத்தசோகைக்கு இரும்பு டானிக்கை ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லையா, பாட்டிலை மாற்றாதே, ஸ்லைடு கேள்.

அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார். கொலுசுக்கு அடியிலும் பார். குண்டூசி முனை அளவில் செம்புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்து. கொசுக்கடி வெளுக்கும்; தட்டணு குறைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளி வெளுக்காது. கறுத்த தோலில் தெரியாவிட்டால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார். டெங்குவிலும் தட்டணு (பிளேட்லெட்) இறங்கும்தான். ஆனால் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டு, தட்டணு தானாக ஏறும். பத்து நாள் கழித்தும் 1.5 லட்சத்தைத் தொடவில்லை, ஹீமோகுளோபினும் இறங்குகிறது என்றால் டெங்கு என்ற எழுத்தை அடித்துவிடு.

ஈறு தடித்து வீங்குவது, ஆண் பிள்ளைக்கு ஒரு விதை வலியில்லாமல் பெருப்பது, காறை எலும்புக்கு மேல் நெறிகட்டுவது, இவையும் உண்டு.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, விடிகாலையில் முகம் வீங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் நெஞ்சுக்குள் கட்டி அழுத்துகிறதோ என்று பார். வீசிங் என்று நினைத்துவிடுவது சுலபம். மல்லாக்கப் படுக்கவைக்காதே, தூக்க மருந்து கொடுக்காதே. ஆக்சிஜன் வைத்து, உட்காரவைத்தே 108-ல் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பு.

சந்தேகப்பட்ட பிள்ளைக்கு இடுப்பு ஊசி வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டும். புரூஃபன் என்ற வலிமருந்தும் வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். சாயம் போடாத ஸ்லைடு இரண்டைக் காகிதத்தில் சுற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதும் சீட்டோடு கொடுத்துவிடு. சீட்டின் முதல் வரியில் ‘ஸ்டீராய்டு கொடுக்கவில்லை’ என்று எழுது. வேறு யாராவது கொடுத்திருந்தால் பெயர், அளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுது.

அப்பா